எதிராளிக்கும் கையெழுத்துப் போட்டவர்

அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்த கையோடு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களே! விருது வாங்க வந்திருந்தும், தண்டனை வாங்க வந்தவரைப் போல நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் எங்கள் அரசியல் சிந்தனையாளர் அம்மா அவர்களே! அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, இன்றைக்காவது நாலு வார்த்தை பேச வாய்ப்பு வருமா என்று நாற்பத்தாறு ஆண்டுகளாகக் காத்திருக்கும் அம்மாவின் கணவர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! வீட்டு வேலை அத்தனையும் முடித்துவிட்டு, முடித்ததை யாரும் கவனிக்காத போதும் முகம் வாடாமல் வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறி எங்கே சுற்றுகிறதோ அங்கே தேடிப்பிடித்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் ஓர் ஓய்வுபெற்ற தட்டச்சரின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐவரும் அறிஞர்கள். ஒருவர் அம்மாவைக் கடல் என்றார். ஒருவர் மலை என்றார். ஒருவர் கலங்கரை விளக்கம் என்றார். நான் முப்பத்தொரு ஆண்டுகள் அம்மாவின் அறையிலேயே உட்கார்ந்திருந்தவன். அங்கே கடலும் இல்லை, மலையும் இல்லை. சாத்தினாலும் மூடாத ஓர் அலமாரி இருந்தது. உட்கார்ந்தால் ஆடுகிற ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலி எனக்குத் தரப்பட்டிருந்தது. அறிஞர்கள் அம்மாவின் எழுத்தைப் படித்தவர்கள். நான் அதைத் தட்டச்சு செய்தவன். அம்மாவின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று மருந்துக்கடைக்காரர். அம்மா அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

சிரிக்கிறீர்கள். அம்மாவும் சிரிக்கிறார். சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.

அம்மாவின் புகழ் எப்படிப்பட்ட புகழ்? ஆளும் கட்சி மேடையிலே அம்மாவின் வாசகம். எதிர்க்கட்சி மேடையிலே அம்மாவின் வாசகம். ஒரே வாரத்தில், ஒரே நூலில், ஒரே பக்கத்தில் இருந்து இரண்டு பேரும் எடுத்து, இரண்டு பேரும் வென்றுவிட்டோம் என்று கைதட்டிக்கொண்டதை இந்த நாடு பார்த்தது. பாடநூலிலே அம்மா, பத்திரிகையிலே அம்மா, பட்டிமன்றத்திலே அம்மா. கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் தொலைவில் நிறுத்தி, நாட்டின் நாளையை எண்ணிக் கலங்குவது போல ஒரு புகைப்படம் இருக்கிறதே, எல்லா நூலின் பின்னட்டையிலும் வருகிறதே, அது எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அது சிந்தனை இல்லை ஐயா, பல்வலி. படம் எடுத்து முடித்ததும் அம்மா நேரே பல் மருத்துவரிடம் போனார். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கவிஞர் நாற்பது வரி எழுதினார். அந்தக் கடைவாய்ப் பல் இன்று இல்லை. நாற்பது வரி இருக்கிறது.

மக்களாட்சியைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியவர் அம்மா. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் தேநீரா காப்பியா என்று முறையாக வாக்கெடுப்பு நடத்தினார். ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தேநீர் வென்றது. அந்த ஒன்று யார் என்று சொல்லவேண்டியதில்லை. மறுநாள் எட்டுக் கோப்பை வந்தது, ஒன்றில் மட்டும் காப்பி. என்னம்மா இது என்று கேட்டேன். "சிறுபான்மையோர் உரிமைன்னு ஒரு அத்தியாயமே இருக்கே தம்பி. நீதானே டைப் பண்ணின?" என்றார்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இன்னும் நான் விஷயத்துக்கே வரவில்லை. வந்த பிறகு நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கமாட்டீர்கள்.

சற்று முன் விருதுப் பத்திரம் வாசித்தார்கள். கேட்டீர்கள் அல்லவா? "தம் பெயரையே பணயம் வைத்து, ஒரு நாட்டுக்கே பரீட்சை வைத்த துணிச்சலுக்காக" இந்த விருது என்றார்கள். அந்தப் பரீட்சை என்ன என்று மாணவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், நகர மன்றங்களை எல்லாம் பத்தாண்டுகளுக்குக் கலைத்துவிட்டு, பொறுப்பை நிபுணர் குழுக்களிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அம்மா அதற்குப் பரம எதிரி. அப்படிப்பட்ட அம்மா, ஒரு திங்கட்கிழமை நாளேட்டில், அந்தத் திட்டத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். நாடே அசந்துபோனது. வியாழக்கிழமை, அதே நாளேட்டில், அதே இடத்தில், அந்தக் கட்டுரையை வரிக்கு வரி மறுத்து அம்மாவே இன்னொரு கட்டுரை எழுதினார். நாடு இரண்டாம் முறை அசந்தது. திட்டம் கிடப்பில் போனது. படித்ததை எல்லாம் நம்பாதே என்று நாட்டுக்குச் சொல்லிக்கொடுக்க அம்மா வேண்டுமென்றே வைத்த சோதனை அது என்று அறிஞர் உலகம் தீர்மானித்தது. அதைப் பற்றி இதுவரை பதினோரு முனைவர் பட்டங்கள். ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் விமானம் ஏறி வந்து, இந்தச் சோதனைக்கு வித்து எங்கிருந்து விழுந்தது என்று கேட்டார். அம்மா உண்மையைத்தான் சொன்னார்: "அறைக்கு பெயின்ட் அடிச்சாங்க, அதுல இருந்துதான்." அவர் அதை உருவகம் என்று எடுத்துக்கொண்டு, சித்தாந்தமும் வண்ணமும் என்று ஓர் அத்தியாயம் எழுதிவிட்டார்.

பெரியோர்களே, தாய்மார்களே, அது சோதனை இல்லை. அம்மா எந்த நாட்டுக்கும் எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. அந்தக் கட்டுரையை அனுப்பியது நான்.

சத்தம் வேண்டாம். உட்காருங்கள். இரண்டு முறை இந்த விருதை அம்மா வேண்டாம் என்றார், தன்னடக்கம் என்று எழுதினீர்கள். தன்னடக்கமும் இல்லை, தலைக்கனமும் இல்லை. செய்யாத செயலுக்கு மாலை வாங்க அம்மாவுக்குக் கூச்சம். செய்தவனைக் காட்டிக்கொடுக்க அதைவிடக் கூச்சம். இந்த முறை ஒரே நிபந்தனை விதித்தார். "எங்க தட்டச்சர் பேசினா வரேன்" என்றார். என் பேச்சில் ஏதோ இனிமை இருக்கிறது என்று விழாக்குழு நினைத்துக்கொண்டது. அது இனிமை இல்லை, என் கழுத்தில் விழுந்த சுருக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு வழக்கம். எந்தக் கருத்தை எழுதுவதானாலும், முதலில் எதிராளியின் கருத்தை முழுக் கட்டுரையாக எழுதுவார். அரைகுறையாக இல்லை. தலைப்பு வைப்பார், சான்று காட்டுவார், எதிராளிக்கே தோன்றாத நியாயத்தை எல்லாம் எடுத்துக் கொடுப்பார். கடைசியில் அதன் கீழே தம் கையெழுத்தையும் போடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை. "என்னம்மா, உங்களுக்கு ஆகாததுக்கு எல்லாம் கையெழுத்துப் போடுறீங்களே?" என்று கேட்டேன். "தம்பி, கூசாம கையெழுத்துப் போடுற அளவுக்கு அவங்க பக்கத்தை எழுதலைன்னா, அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை" என்றார். அதன் பிறகுதான் தம் பதிலை எழுதுவார். அதற்கும் கையெழுத்து. மேசையின் இடது தட்டில் எதிராளி, வலது தட்டில் அம்மா. எனக்குத் தெரிந்த அரசியல் கோட்பாடு அவ்வளவுதான்.

இந்த வழக்கம் வீட்டிலும் உண்டா என்று அம்மாவின் கணவரை ஒருமுறை கேட்டேன். "உண்டாவா? இத்தனை வருஷத்துல நான் ஒரு சண்டையும் போட்டதில்லைப்பா. என் பக்கத்தையும் அவளே பேசி முடிச்சிடுவா. நான் தோத்தேனா ஜெயிச்சேனான்னு கடைசியில அவளைத்தான் கேட்டுக்கணும்" என்றார். அதோ, தலையை ஆட்டுகிறார். பேச வாய்ப்புக் கிடைத்தும் தலையைத்தான் ஆட்டுகிறார்.

அந்த வாரம் அறைக்கு வண்ணம் பூசினார்கள். வண்ணம் பூச வந்தவர் மேசையை நடு அறைக்கு இழுத்து, இரண்டு தட்டையும் கவிழ்த்து, தாள்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி, பழைய நாளிதழைப் போட்டு மூடிவிட்டார். அம்மா வெளியூரில், ஒரு மாணவிக்கு வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். நாளேட்டில் இருந்து தொலைபேசி. நான்கு மணிக்குள் கட்டுரை ஃபேக்ஸில் வரவேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் சோப்பு விளம்பரம். நான் அடுக்கைப் பிரித்தேன். இரண்டு கட்டுரை. இரண்டிலும் அம்மாவின் கையெழுத்து.

இத்தனை காலமும் நான் அம்மாவிடம் என்ன சொல்லி வந்தேன் தெரியுமா? அவசரத்தில் மேலே இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டேன் என்றேன். பாவம், பழி முழுவதும் வண்ணம் பூசியவர் தலையில். இன்று அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் அவசரப்படவில்லை. மணி இரண்டரைதான். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் முழுதாகப் படித்தேன். டைப் செய்யும்போது விரல்தான் படிக்கும், மனம் படிக்காது. அன்றுதான் முதல்முறையாக மனம் படித்தது. எங்கள் தெருவில் ஆறு ஆண்டுகளாக விளக்கு எரியவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்ட உறுப்பினர் ஆறு ஆண்டுகளாக வந்து வந்து வாக்குறுதி கொடுத்தார். அந்தக் கட்டுரையிலும் அப்படி ஒரு தெரு, அப்படி ஓர் உறுப்பினர். ஒருநாள் காலையில் ஒரு பொறியாளர் வருகிறார், விளக்கைப் போடுகிறார், போகிறார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அந்தத் திட்டத்துக்கு எதிரி என்பதே மறந்துபோயிற்று; இதுதான் அம்மா, இதுதான் நியாயம் என்று நினைத்தேன். இரண்டில் எது நன்றாக இருந்ததோ அதை அனுப்பினேன்.

அம்மா, நீங்கள் சிரிக்கிறீர்களா, அழுகிறீர்களா? இங்கிருந்து தெரியவில்லை. இருங்கள், முடித்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை கட்டுரை வந்தது. மந்திரி மேடையில் வாசித்தார். நிபுணர் குழுவுக்கு அம்மாவே தலைமை ஏற்கவேண்டும் என்று அழைப்புக் கடிதம், தனி வண்டியில், வாசலுக்கே வந்தது. அதை அம்மா வாங்கிய கையோடு திருப்பி அனுப்பினார். மாணவர்கள் துறை வாசலில் நின்று கூச்சலிட்டார்கள். எல்லாவற்றையும் விட ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். பன்னிரண்டு ஆண்டு நட்பு. ஒரே சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து, நாள் முழுக்க வாதிட்டு, மாலையில் ஒரே பேருந்தில் வாதிட்டுக்கொண்டே வீடு போவார்கள். திட்டத்தை எதிர்த்த போராட்டக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். அந்தத் திங்கட்கிழமை மாலை ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் நாளேட்டை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, "உங்க சிநேகிதி எழுதியிருக்கிறதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அவர் என்ன சொன்னார்? "அவங்க எழுதியிருந்தா அதுல நியாயம் இருக்கும். நான் அவங்க பக்கம்" என்றார். அங்கேயே செயலாளர் பதவியை விட்டார். மூன்றே நாள். ஊர் திரும்பிய அம்மா, நான் அனுப்பாமல் விட்ட கட்டுரையை அனுப்ப, வியாழக்கிழமை அது மறுப்பாக வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா வைத்த பரீட்சையில் முதல் பெயில் அவர்தான் என்று சிரித்தார்கள். வகுப்பறைக் கரும்பலகையிலேயே எழுதி வைத்தார்கள். அன்று பேச்சை நிறுத்தியவர் இன்று வரை அம்மாவிடம் பேசவில்லை. அந்தப் பேராசிரியர்தான் இன்றைய அவைத்தலைவர். மூத்தவர் என்று குழு அழைத்தது, மறுக்காமல் வந்தார். இருவருக்கும் நடுவே மூன்று நாற்காலிகள் இருக்கின்றன, நீங்களே பார்க்கிறீர்கள்.

அம்மா ஏன் உண்மையைச் சொல்லவில்லை? பல்கலைக்கழகப் பதிவாளர் விசாரணை வைத்தார். தவறு அலுவலகத்தில் என்றால் அனுப்பியவரை நீக்குவோம் என்றார். நான் அப்போது தற்காலிகப் பணியாளன், வேலை நிரந்தரமாக இரண்டு மாதம்தான் இருந்தது, வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். அம்மா ஒரு தாளை எடுத்து, "கட்டுரை என் பொறுப்பில் அனுப்பப்பட்டது" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அம்மாவுக்குத் தலையிலேயே இறங்கிற்று. அன்று மாலை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பக்கத்து ரூம் சாருக்கு மட்டுமாவது சொல்லிடட்டுமா தம்பி?" நான் சொன்னேன், "அவர் நேர்மையானவரும்மா. தெரிஞ்சா ஊருக்கே சொல்லிடுவார். வேலை நிரந்தரம் ஆகட்டும்." அம்மா சரி என்றார்.

வேலை நிரந்தரம் ஆயிற்று. பெண் பள்ளியில் சேரட்டும் என்றேன். சேர்ந்தாள். பதவி உயர்வு வரட்டும் என்றேன். வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றேன். ஆயிற்று. போன மாதம் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "பென்ஷனும் வந்தாச்சு தம்பி. இன்னும் என்ன?" நான் சொன்னேன், "பேத்தி பள்ளிக்கூடம் சேரணும்மா." அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அவளோட பேத்திக்கும் சேர்த்தே காத்திருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த இரண்டாவது கட்டுரையில், அன்று நான் அனுப்பாமல் விட்ட கட்டுரையில், அம்மா எழுதினார்: பொறியாளர் வந்தார், விளக்கைப் போட்டார், நல்லது, நாளை அந்த விளக்கு அணைந்தால் நான் எந்தக் கதவைத் தட்டுவேன்? தவறே செய்யாத ஆட்சியை நான் கேட்கவில்லை. தவறைக் கேட்க ஒரு கதவைத்தான் கேட்கிறேன் என்று எழுதினார். அறிஞர்களே, அதைத்தான் நாட்டுக்குச் சொன்னார், நாடு கேட்டது. ஆனால் அம்மாவின் அறையில், ஆடும் நாற்காலியில், ஒருவன் இருபத்தேழு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தானே! ஊருக்கெல்லாம் கதவு கேட்டவர் என் கதவைத் தட்டவில்லையே! தட்டினால் என் வீடு நடுங்கும் என்று தம் வீட்டை நடுங்க விட்டாரே! தேடி வந்த தலைமைப் பதவியை விட்டார், பரவாயில்லை என்றார். பழியை ஏற்றார், பரவாயில்லை என்றார். நட்பை இழந்தார், அதற்கு மட்டும் பரவாயில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இவரையா கடல் என்கிறீர்கள்? இவரையா மலை என்கிறீர்கள்? கடலும் மலையும் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தன? இன்று நானே கதவைத் திறக்கிறேன். தவறு செய்தவன் இதோ நிற்கிறேன், கேளுங்கள்.

தலைவர் ஐயா ஒலிபெருக்கியைக் கேட்கிறார். தாருங்கள், அவரிடம் தாருங்கள்.

ஐயா பேசியது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோகாமலே பேசிவிட்டார். நான் சொல்கிறேன். "நீ மட்டும்தான் அதைப் படிச்சு மயங்கினேன்னு நினைச்சியாப்பா?" என்கிறார். "நான் சிநேகிதத்துக்காக அன்னிக்கு அவங்க பக்கம் நிக்கலை. மத்தியானமே படிச்சுட்டேன். என்னையே அது மாத்திடுச்சு. வியாழக்கிழமை பேப்பர் வந்தப்போ, அவங்க ஏமாத்தினதா நான் நினைக்கலை, நான் ஏமாந்தேனேன்னுதான் நினைச்சேன். அந்த வெட்கத்துலதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்" என்கிறார்.

ஐயா, நாம் இருவரும் ஒரே வகுப்பில் பெயில் ஆனவர்கள் என்று தெரிந்திருந்தால், நான் அன்றே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா ஏதோ கேட்கிறார், அமைதி, அமைதி. மூன்று நாற்காலி தாண்டிக் கேட்கிறார். "சார், வியாழக்கிழமை கட்டுரையைப் படிச்சீங்களா?"

ஐயா சொல்கிறார்: "இல்லைங்க. இன்னி வரைக்கும் தொடலை."

அம்மா சொல்கிறார்: "அப்போ வீட்டுக்குப் போய்ப் படிங்க. ஒத்துக்க முடியலைன்னா, நாளைக்குச் சாயங்காலம் வந்து சண்டை போடுங்க."

ஐயா தலையை ஆட்டிவிட்டார். எழுந்து என்னைப் பார்த்து, கட்டுரையின் பிரதி உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது ஐயா. இந்த முறை சரியான கட்டுரையைத்தான் தருவேன், அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டே தருவேன்.

விருதுப் பத்திரத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, வேறு என்ன காரணம் எழுதுவது என்று விழாக்குழு முடிவு செய்துகொள்ளட்டும். காரணத்துக்கு இங்கே பஞ்சம் இல்லை. இவ்வளவு நேரம் என்னை இறங்கிப்போகச் சொல்லாத பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், கைதட்ட வந்த இடத்தில் கதை கேட்டுவிட்ட மாணவர்களுக்கும், நாளை மாலைச் சண்டைக்கு நாள் குறித்துவிட்ட இரண்டு பெரியவர்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.